ஜவ்வு விலகி வலி காலுக்கு இறங்கினால்: உடனே ஆபரேஷனா, பொறுத்துப் பார்ப்பதா?

இடுப்புப் பக்கம் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) விலகி நரம்பை அழுத்தும்போது வலி முதுகோடு நிற்பதில்லை. பின்பக்கம், தொடை, கெண்டைக்கால் என்று இறங்கிப் பாதம்வரை போகும். இந்த சியாட்டிகா வந்தவர்களுக்குச் சில வாரங்களிலேயே ஒரு கேள்வி வந்துவிடும். ஸ்கேனைப் பார்த்த ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்துவிடலாம் என்பார். இன்னொருவர் கொஞ்சம் பொறுங்கள், தானாகவே சரியாகும் என்பார். சொந்தக்காரர்களிடம் கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் கதை கிடைக்கும்.

நான் பொறுத்துப் பார்த்தேன், தேறினேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் முடிவெடுக்க எனக்கு உதவியவை சொந்தக்காரர்களின் கதைகளல்ல. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டு அணியாகப் பிரித்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த சில ஆய்வுகள்தான் உதவின.

ஒப்பீட்டுக்கே இடமில்லாத நிலையை முதலில் ஒதுக்கிவிடலாம். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை விட்டுப் போனாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம் மரத்துப்போனாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலும், காலின் பலம் நாளுக்கு நாள் குறைந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. இனி சொல்வதெல்லாம் வலி கடுமையாக இருந்தாலும் கால் பலத்தோடு இருப்பவர்களுக்கு.

மற்ற வழிகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். படுத்தே கிடப்பதால் பயனில்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் 183 பேரிடம் செய்து 1999-இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் படுக்கையில் இருந்தவர்களும் வழக்கம்போல நடமாடியவர்களும் 12-வது வாரத்தில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள்: இரண்டு அணியிலும் 87 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். நம் ஊரில் சியாட்டிகா என்றாலே சீட்டில் எழுதப்படும் பிரிகாபலின் மாத்திரையை சிட்னியில் 209 பேரிடம் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். வெற்று மாத்திரையைவிட அது கால் வலியை அதிகம் குறைக்கவில்லை. தலைசுற்றல் போன்ற பக்கவிளைவுகள்தான் கூடின. (ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது.) முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரங்கள் வலியைக் கொஞ்சம் தணிக்கிறது. நான் அதைப் போட்டுக்கொள்ளவில்லை, அதனால் அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஆக மிஞ்சுவது இரண்டு: ஜவ்வின் பிதுங்கிய துண்டை வெட்டியெடுக்கும் மைக்ரோடிஸ்கெக்டமி, அல்லது காத்திருப்பு.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வுகளில் எனக்குப் பெரிதும் உதவியது நெதர்லாந்தின் லைடன், தி ஹேக் நகர மருத்துவர்கள் நடத்தி 2007-இல் வெளியிட்டது. 6 முதல் 12 வாரமாகக் கடும் சியாட்டிகாவோடு இருந்த 283 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மறுபாதிக்கு வலி மாத்திரை, ஆலோசனை, தேவைப்பட்டால் பிசியோதெரபி, பிறகும் தாங்க முடியாவிட்டால் ஆபரேஷன். ஒரு வருட முடிவில் இரண்டு அணியிலுமே 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். வித்தியாசம் வேகத்தில்தான் இருந்தது. ஆபரேஷன் அணியில் பாதிப் பேர் 4 வாரத்தில் தேறினார்கள். காத்திருந்த அணியில் பாதிப் பேர் தேற 12 வாரம் ஆனது.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு கேள்வியே எனக்கு மாறிவிட்டது. எது குணமாக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தவன், இடையில் இருக்கும் இந்த இரண்டு மாத வலிக்கு நான் என்ன விலை கொடுக்கத் தயார் என்று கேட்க ஆரம்பித்தேன். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டார்கள், சராசரியாகப் பார்த்தால் 19-வது வாரத்தையொட்டி. இதைக் காத்திருப்பின் தோல்வி என்று சிலர் படிப்பார்கள். நான் மறுபக்கத்திலிருந்து படித்தேன்: பத்தில் ஆறு பேருக்குக் கத்தியே தேவைப்படவில்லை, மற்ற நான்கு பேருக்கும் தாமதித்ததால் கதவு மூடிவிடவில்லை.

தானாக எப்படிச் சரியாகும் என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. பிதுங்கி வெளியே வந்த ஜவ்வை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் சூழ்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. சும்மா புடைத்து நிற்கும் ஜவ்வைவிட, முழுதாக உடைந்து வெளியே விழுந்த துண்டுதான் பெரும்பாலும் நன்றாகக் கரைகிறது. ஸ்கேன் படத்தில் பயங்கரமாகத் தெரிவதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்த 2015-ஆம் ஆண்டு அலசலில், 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் புடைப்பு இருந்தது. 80 வயதில் அது 84 சதவீதம். ஆக, ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று இருப்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. எந்த நரம்பு அழுத்தப்பட்டதாகப் படம் காட்டுகிறதோ, வலியும் மரமரப்பும் அந்த நரம்பு போகும் வழியிலேயே இருக்க வேண்டும்.

சரி, எவ்வளவு நாள் பொறுப்பது? இந்த ஒப்பீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்வது இதுதான் என்று நினைக்கிறேன்: வலியின் வயது. கனடாவின் லண்டன் நகரத்தில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், 4 முதல் 12 மாதமாக சியாட்டிகாவோடு இருந்த 128 பேரைப் பிரித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பத்துக்கு எத்தனை என்று வலியைக் கேட்டபோது ஆபரேஷன் அணியின் சராசரி 2.8. மருந்து, பிசியோ, ஊசி என்று போனவர்களுக்கு 5.2. இது சின்ன வித்தியாசமல்ல. பத்துக்கு ஐந்து வலியோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

லைடன் ஆய்வையும் கனடா ஆய்வையும் முரண் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தானாகக் குறையக்கூடிய வலிகளெல்லாம் முதல் சில மாதங்களில் குறைந்துவிடுகின்றன. நாலு மாதம் தாண்டியும் நிற்பவை பிடிவாதமானவை. ஆறாவது வாரத்தில் சரியாக இருந்த பொறுமை ஆறாவது மாதத்தில் வெறும் துன்பமாகிவிடலாம். ஆபரேஷனைக் கண்டு பயந்து வருடக்கணக்கில் எண்ணெய், பெல்ட், கட்டு என்று அலைகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான்.

ஆபரேஷன் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அது வேகமானது, கால் வலியை நன்றாகவே எடுக்கிறது. லைடன் குழுவே செலவைக் கணக்கிட்டபோது, சீக்கிரம் வேலைக்குத் திரும்புவதையும் சேர்த்தால் ஆபரேஷன் கட்டுப்படியாகும் என்றுதான் சொன்னது. அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துகிறவருக்கு இரண்டு மாத வேகம் என்பது இரண்டு மாதச் சோறு. நான் உட்கார்ந்து வேலை செய்கிறவன், லீவு கிடைத்தது, நின்றுகொண்டே வேலை பார்க்கவும் விட்டார்கள். மூட்டை தூக்குகிறவருக்கு என் முடிவு பொருந்தும் என்று சொல்ல எனக்கு அனுபவமில்லை.

ஆய்வுகளுக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. அமெரிக்காவில் 501 பேரைப் பிரித்து 2006-இல் வெளியிட்ட ஸ்போர்ட் ஆய்வில், ஆபரேஷன் என்று சீட்டு விழுந்தவர்களில் பாதிப் பேர்தான் மூன்று மாதத்துக்குள் செய்துகொண்டார்கள். வேண்டாம் என்று விழுந்தவர்களில் 30 சதவீதம் பேர் அதே காலத்தில் போய்ச் செய்துகொண்டார்கள். வலியில் துடிக்கிறவரைச் சீட்டு கட்டிப்போடாது. அப்படிக் கலந்துவிட்டால் இரண்டு வழிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் மங்கித்தான் தெரியும். அதோடு, எந்த வழியில் போனாலும் எல்லோரும் முழுசாகத் தேறுவதில்லை. லைடன் நோயாளிகளில் 20 சதவீதம் பேர் இரண்டு வருடம் கழித்துத் திருப்தியான நிலையில் இல்லை.

காத்திருப்பு என்றால் சும்மா இருப்பது என்று யாரும் நினைக்க வேண்டாம். தினமும் காலையில் சுவரை லேசாகத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்திப் பார்ப்பேன். எனக்கு அழுந்தியிருந்தது முதல் சாக்ரல் நரம்பு, முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து காலுக்குப் போவது. அது போனால் இந்த அசைவுதான் முதலில் தளரும். அப்புறம் குதிகாலை ஊன்றிப் பாதத்தைத் தூக்கிக்கொண்டு நாலடி நடப்பேன், அது அதற்கு மேலே இருக்கும் நரம்பைச் சோதிக்க. இரண்டும் நன்றாக இருந்தவரை அன்றைக்குப் பயமில்லை. சுண்டுவிரல் பக்கத்து மரமரப்பு கடைசிவரை இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. வலி மட்டும் பாதத்திலிருந்து கெண்டைக்காலுக்கும், அங்கிருந்து பின்பக்கத்துக்கும் ஏறிவந்தது. முதுகில் வலி கூடியதுபோலத் தோன்றிய அந்த நாட்களில் பிசியோதெரபிஸ்ட் சந்தோஷப்பட்டார். கால் வலி மேலே சுருங்குவது நல்ல அறிகுறி என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

கழுத்து ஜவ்வு விலகிக் கைக்கு வலி இறங்குகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கழுத்தில் நரம்பு மட்டுமல்ல, தண்டுவடமே அழுந்தலாம். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ பொறுத்துப் பார்க்கும் பேச்சே கிடையாது.

இடுப்புக்கு என் சிபாரிசு இவ்வளவுதான். கால் பலமாக இருந்தால், வேலை இடம் கொடுத்தால், முதல் மூன்று மாதத்தைக் காத்திருப்புக்குக் கொடுங்கள். ஆனால் தொடங்கும் அன்றைக்கே சர்ஜனைப் பார்த்து, நாலாவது மாதத்துக்கு மறுபடி வர ஒரு தேதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியிலும் வலி குறையாமல் நின்றால் ஆபரேஷனுக்குச் சரி என்று சொல்ல நான் தயங்கியிருக்க மாட்டேன்.