மோசசார் பல் வாங்குவதற்கு முன் வேரைப் பாருங்கள்

மோசசார் என்பது டைனோசார் காலத்தில் வாழ்ந்த கடல் ஊர்வன விலங்கு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் வாரச்சந்தை ஒன்றில் "முழு மோசசார் பல், வேரோடு" என்று 1,200 ரேண்டுக்கு விற்ற சரக்கு இது. வாங்கியது சாட்ஸ்வர்த் குடும்பம் ஒன்று. அசிட்டோனில் நனைத்த பஞ்சை வேர்மேல் ஒற்றியதும் பழுப்புச் சாயம் பஞ்சில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வேரே மணலாக உதிர்ந்தது. மேலே இருந்த பல்முனை (எனாமல் மூடிய பகுதி) மட்டும் அசல். "அண்ணே, பழைய கல்லுதானே, அப்படித்தான் உதிரும்" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

மொராக்கோவின் கூரிப்கா பாஸ்பேட் சுரங்கப் பகுதியில் மோசசார் பல்முனைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன, சாதாரணமானவை மலிவுதான். வேர் ஒட்டியிருந்தால் விலை ஏறும். ஆகவே மணலைப் பசையில் குழைத்து வேரைத் தயாரிக்கிறார்கள்.

அசல் வேர் பல்முனையைவிடப் பருத்திருக்கும். எலும்பு மாதிரி நுண்துளையும் நார்வரியும் தெரியும். பல நேரம் உட்பக்கத்தில் ஒரு குழிவு இருக்கும். அடுத்த பல் முளைத்து வந்த இடம் அது. எனாமல் முடியும் கோட்டை 10 மடங்கு லென்ஸில் சுற்றிலும் பாருங்கள். போலியில் சரியாக அந்தக் கோட்டின் மேல்தான் மணல் அப்பியிருக்கும். காற்றுக் குமிழி தெரிந்தால் ரெசின் (செயற்கைப் பிசின்). வெள்ளைப் பசை வெந்நீரில் இளகும், உடனடிப் பசை அசிட்டோனில் மெதுவாகக் கரையும், எபாக்சி (இரு பாகம் கலந்து ஒட்டும் பசை) இரண்டுக்கும் மசியாது. அதற்குப் புற ஊதா டார்ச் அடித்தால் பெரும்பாலும் தனியாக ஒளிரும். உடைந்த பல்லை ஒட்டி விற்பது குற்றமில்லை, சொல்லாமல் விற்பதுதான் ஏமாற்று. வினிகர், எலுமிச்சைச் சாறு பக்கமே போகாதீர்கள், அசல் பல்லையும் அரித்துவிடும்.

பெயரிலும் தில்லுமுல்லு உண்டு. பிளீசியோசார் என்ற இன்னொரு பழங்காலக் கடல் ஊர்வனவின் பல் ஒல்லியாக வளைந்து, குறுக்கே வட்டமாக, நீளவாக்கில் மெல்லிய வரிகளோடு இருக்கும். எதிரெதிரே இரண்டு வெட்டு விளிம்பு ஓடினால் அது மோசசாரோ முதலையினமோ ஆக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பிளீசியோசார் விலை கொடுக்காதீர்கள்.

உள்நாட்டுச் சரக்கு, "செயின்ட் லூசியாவில் எடுத்தது" என்று ரகசியமாக நீட்டினால் தொடவே வேண்டாம். 1999-இன் 25-ஆம் எண் மரபுவளச் சட்டப்படி தென்னாப்பிரிக்கப் புதைபடிவங்கள் அரசின் சொத்து. அனுமதியின்றி விற்க முடியாது.

ரசீதில் "இயற்கையான வேர், ஒட்டுவேலை இல்லை" என்று எழுதி வாங்குங்கள். வியாபாரமாக விற்பவரிடம் வாங்கிய பழுதுப் பொருளை 6 மாதத்துக்குள் திருப்பித் தந்து பணம் கேட்க 2008-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. சோதிக்கும் முன் ஸ்கேல் வைத்து நான்கு பக்கமும், அடியையும் படம் எடுத்துவிடுங்கள். உதிர்ந்த மணலையும் கொட்டிவிடாதீர்கள்.