கருப்பு வெள்ளைக்கு ஜிஃப் போதும்: பழைய படச்சுருள்களை லூப் ஆக்கிய அனுபவம்

காப்புரிமைக் காலம் முடிந்த பழைய படங்களிலிருந்து இரண்டு மூன்று விநாடித் துண்டுகளை வெட்டி, நிற்காமல் சுழலும் ஜிஃப் ஆக்குவது சில ஆண்டுகளாக என் மாலை நேர வேலை. படங்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. ஒன்று, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் இருக்கும், பழைய விளம்பர, கல்விப் படங்கள் நிறைந்த பிரெலிங்கர் தொகுப்பு. மற்றொன்று, அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகம் வைத்திருக்கும், காகிதச் சுருளில் அச்சிட்ட படங்களின் காகிதப் பிரதித் தொகுப்பு. கருவிகள் மூன்றுதான்: ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்க எம்பிவி, வெட்டி மாற்ற எஃப்எஃப்எம்பெக், கடைசியில் கோப்பின் எடையைக் குறைக்க கிஃப்சிகிள். மூன்றும் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். இவ்வளவு காலம் புழங்கியபின் உறுதியாகச் சொல்கிறேன்: கருப்பு வெள்ளைப் படத்துக்கு ஜிஃப் கச்சிதமான வடிவம், வண்ணப் படத்துக்கு அது சரிப்பட்டு வராது.

காரணம் எளிது. கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987இல் வெளியிட்ட இந்த வடிவத்தில் ஒரு ஃபிரேமுக்கு 256 நிறங்கள்தான். கோடாக்ரோம் வண்ணச் சுருளில் எடுத்த 1950களின் விளம்பரப் படம் ஒன்றை அதற்குள் திணித்தால் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். ஆனால் 8 பிட் கருப்பு வெள்ளைப் படத்தில் கருப்பிலிருந்து வெள்ளை வரை மொத்தமே 256 சாயல்கள்தான். எல்லாம் உள்ளே அடங்கிவிடும், எதையும் இழக்க வேண்டியதில்லை. வண்ணப் படம்தான் வேண்டும் என்பவர்கள் 2015இல் எஃப்எஃப்எம்பெக்கில் சேர்ந்த பேலட்ஜென், பேலட்யூஸ் என்ற இரண்டு ஃபில்டர்களைப் பயன்படுத்துங்கள். துண்டு முழுவதையும் பார்த்து அதற்கேற்ற 256 நிறங்களை அவை தேர்ந்தெடுக்கும். ஆன்லைனில் கோப்பை ஏற்றி மாற்றித் தரும் சேவைகளில் நான் பார்த்தவரை இந்தக் கட்டுப்பாடு கைக்கு வருவதில்லை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. மிகப் பழைய படங்கள் லூப்பாக ஓடுவதற்கென்றே பிறந்தவை. எடிசனின் கினெட்டோஸ்கோப் பெட்டிக்குள் சுமார் 50 அடி நீளச் சுருள் முனையோடு முனை ஒட்டப்பட்டு, உருளைகளின் மேல் சுற்றிச் சுற்றி ஓடியது. 1894 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராட்வேயில் காசு கொடுத்துத் துளை வழியே எட்டிப் பார்த்தவர்கள் கண்டது ஒரு லூப்பைத்தான். அதனால் அந்தக் காலத் துண்டு ஒன்றை ஜிஃப் ஆக்கும்போது அதன் இயல்புக்கு விரோதமாக எதையும் செய்வதாக எனக்குத் தோன்றுவதில்லை.

வேலையின் உயிர், முடிவும் தொடக்கமும் சேரும் ஒட்டில் இருக்கிறது. 1893இல் எடிசன் கூடத்தில் எடுத்த கொல்லுப்பட்டறைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் பட்டறைக்கல்லைச் சுற்றி நின்று சம்மட்டி அடிக்கிறார்கள். ஒருவரின் சம்மட்டி இரும்பைத் தொடும் ஃபிரேமிலிருந்து அடுத்து அதே சம்மட்டி தொடும் ஃபிரேம் வரை வெட்டினால் லூப் கிடைத்துவிடும் என்று தோன்றும். மற்ற இருவரின் கைகள் அந்தக் கணத்தில் வேறெங்கோ இருந்தால், சுற்றுக்கு ஒருமுறை அவர்கள் மட்டும் துள்ளுவார்கள். மூவரும் ஒத்துவரும் ஃபிரேம் ஜோடியைத் தேடித்தான் எடுக்க வேண்டும். எம்பிவியில் முற்றுப்புள்ளி விசை ஒரு ஃபிரேம் முன்னே போகும், கமா விசை பின்னே வரும். இந்த இரண்டு விசைகளுக்காகவே அதை விடாமல் வைத்திருக்கிறேன். எடிசன் படங்களில் அன்னபெல் என்ற நடனக் கலைஞர் ஆடிய பாம்பு நடனத்தில் இந்த அலைச்சல் குறைவு. பாவாடைத் துணி சுழன்று பழைய இடத்துக்கே அடிக்கடி வந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

ஒட்டு கிடைக்காதபோது படத்தை முன்னே ஓட்டி அப்படியே பின்னேயும் ஓட்டுவது பலருக்கு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. புகை மறுபடி புகைபோக்கிக்குள் நுழைகிறது, நடப்பவர் பின்பக்கமாக நடக்கிறார். அப்படி ஒன்று நடக்கவே இல்லையே! 1906 ஏப்ரலில், நிலநடுக்கத்துக்குச் சில நாட்களுக்கு முன், சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில் கேபிள் காரின் முன்பக்கம் கேமராவை வைத்து எடுத்த படம் எனக்கு மிகப் பிடித்தது. ஆனால் அது முழுக்க முழுக்க முன்னோக்கிய பயணம். மூன்று விநாடிக்கு ஒருமுறை புறப்பட்ட இடத்துக்கே அதை இழுத்துவந்தால் படம் செத்துவிடும். அதை லூப் ஆக்காமல் முழுதாகப் பாருங்கள்.

வேகத்தில் கவனம் தேவை. ஜிஃப் ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் விநாடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கில், முழு எண்ணாக மட்டுமே வைக்கும். விநாடிக்கு 16 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 6.25 வரும், அதை எழுத முடியாது. எஃப்எஃப்எம்பெக் 6, 6, 6, 7 என்று மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளிக்கும், கூர்ந்து பார்த்தால் நடையில் ஒரு தடுமாற்றம் தெரியும். எல்லா ஃபிரேமுக்கும் 6 என்றே வைத்துவிடுகிறேன். கொஞ்சம் வேகம் கூடும், ஆனால் சீராக ஓடும். 2க்குக் கீழே போனால் பிரவுசர்கள் அதை மதிக்காமல் 10 ஆக்கிவிடுவதால் படம் ஊர்ந்து போகும். வீடியோ நாடா வழியாக வந்த கோப்புகளில் சீப்புப் பல் போன்ற கோடுகள் இருந்தால் முதலில் ஃபீல்ட்மேட்ச், டெசிமேட் ஃபில்டர்களை ஓட்டி, மிகையான ஃபிரேம்களை நீக்கிவிட்டு வெட்டுங்கள்.

பெரிய தலைவலி எடைதான். 480க்கு 360 பிக்சலில் 50 ஃபிரேம் என்றால் சுருக்குவதற்கு முன் 86,40,000 பைட். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே மாறாத பகுதியைத் திரும்ப எழுதாமல் விடுவதில்தான் ஜிஃப்பின் சிக்கனம் இருக்கிறது. பழைய படத்தில் மாறாத பகுதி என்று ஒன்றே கிடையாது. கிரெய்ன் எனும் சுருளின் பொடிப் புள்ளிகள் கொதிக்கின்றன, வெளிச்சம் துடிக்கிறது, படமே சட்டத்துக்குள் ஆடுகிறது. முதலில் விட்ஸ்டாப் ஃபில்டர் கொண்டு ஆட்டத்தை நிறுத்துகிறேன், அது இல்லாமல் ஒட்டும் பொருந்தாது. அடுத்து கிரெய்னைத் தணிக்கும் ஹெச்க்யூடிஎன்3டி ஃபில்டரை மிக மென்மையாக. பிறகு எடைக்காகச் சாயல்களை 32 ஆகக் குறைத்து, பேயர் டிதர். இல்லாத சாயலைப் புள்ளிகளைக் கலந்து இருப்பதுபோல் காட்டுவதுதான் டிதர், பேயர் அதில் ஒரு வகை. எஃப்எஃப்எம்பெக் தானாகத் தேர்ந்தெடுக்கும் டிதர் அழகாக இருக்கும், ஆனால் அதன் புள்ளிகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஊரும். பேயரின் புள்ளிகள் இடம் மாறாதவை, கோப்பு நன்றாகச் சிறுக்கும். கிரெய்னை முழுவதும் துடைத்தெடுக்க மட்டும் ஒப்பமாட்டேன். காகிதப் பிரதித் தொகுப்பில் இருப்பவை, படத்துக்கெனத் தனிக் காப்புரிமைச் சட்டம் வராத 1912க்கு முந்தைய காலத்தில், புகைப்படமாகப் பதிவுசெய்யக் காகிதச் சுருளில் அச்சிட்டுக் கொடுத்தவை. மூலச் சுருள்கள் பல அழிந்தும் இந்தக் காகிதம் நின்றதால்தான் அவற்றை இன்று பார்க்கிறோம். அந்தப் படங்களின் சொரசொரப்பு அவை வந்த வழியைக் காட்டுகிறது.

சில படங்களை நான் தொடுவதில்லை. 1903இல் கோனி தீவில் ஒரு யானையை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றதை எடிசன் நிறுவனம் படமெடுத்தது, அதுவும் பொதுவில் கிடைக்கிறது. முழுப் படத்தில் அந்தச் சாவு ஒருமுறை நடக்கிறது. லூப்பில் அது ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். அதை நான் செய்யமாட்டேன். பெயர் சொல்லப்படாத பழங்குடி மக்களை வேடிக்கைப் பொருளாகக் காட்டும் பயணப் படங்களுக்கும் இதே முடிவுதான்.

முடித்த கோப்பில் மூலத்தின் விவரம் இருந்தே ஆக வேண்டும். ஜிஃப்பின் 1989 வடிவத்தில் குறிப்பு எழுத இடமிருக்கிறது. கிஃப்சிகிள் கொண்டு படத்தின் பெயர், ஆண்டு, காப்பகத்தின் அடையாள எண் மூன்றையும் அதில் எழுதிவிடுகிறேன். பகிரப்படும்போது பல தளங்கள் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றுவதால் இந்தக் குறிப்பு தொலைந்துபோகும். அதனால் படத்தின் அடியில் மெல்லிய கருப்புப் பட்டை சேர்த்து, பெயரையும் ஆண்டையும் அங்கேயும் அச்சிடுகிறேன். பட்டை எந்த ஃபிரேமிலும் மாறாததால் கோப்பின் எடையும் அதனால் கூடுவதில்லை என்றே சொல்லலாம்.