ஒரே தேர்வா, பள்ளிவாரி இடமா, வட்டார அடுக்கா? திறமையாளருக்கான அமெரிக்க அரசுப் பள்ளிகளின் மூன்று சேர்க்கை முறைகள்

நியூயார்க் நகரத்தின் ஸ்டைவசன்ட், பிராங்ஸ் சயன்ஸ், புரூக்ளின் டெக் உள்ளிட்ட எட்டு அரசு உயர்நிலைப் பள்ளிகளில் இடம் பெறுவதற்கு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் ஒரே நுழைவுத்தேர்வின் மதிப்பெண்ணே அடிப்படை. பள்ளி மதிப்பெண், ஆசிரியர் பரிந்துரை, நேர்காணல் எதற்கும் அங்கே வேலையில்லை. மூத்த பள்ளிகளான இம்மூன்றுக்கும் இந்த முறையை 1971ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமே விதித்திருப்பதால், நகர மேயர் விரும்பினாலும் மாற்ற இயலாது. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் முதலிடங்களில் வருவோருக்கு இடம் தரலாம் என்று 2018இல் மேயர் டி பிளாசியோ முன்வைத்த யோசனை மாநிலச் சட்டமன்றத்தைத் தாண்டவில்லை.

இம்முறையின் பலம் வெளிப்படையானது: சிபாரிசுக்கு இடமில்லை, யாருடைய விருப்பு வெறுப்பும் மதிப்பெண்ணைத் தொடாது. ஆனால், 2019இல் ஸ்டைவசன்ட் இடம் வழங்கிய 895 பேரில் கறுப்பின மாணவர்கள் 7 பேர் மட்டுமே. நகரின் அரசுப் பள்ளி மாணவர்களிலோ ஏறத்தாழ மூன்றில் இருவர் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். இதைப் பணக்காரர் ஏழையரை முந்தும் கதையாக மட்டும் பார்ப்பது பிழை. இடம் பெறும் ஆசிய வம்சாவளி மாணவர்களில் கணிசமானோர் குறைந்த வருமானமுள்ள புலம்பெயர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பயிற்சி மையத்துக்குப் பணம் செலுத்தும் பெற்றோருக்கு, இந்தத் தேர்வு ஒன்றுதான் தெரிந்த வாசல். தேர்வறைக்குள் அனைவரும் சமம். அப்படியொரு தேர்வு இருப்பதையே ஏழாம் வகுப்பு முடியும்வரை அறியாத பிள்ளைக்கு அந்தச் சமம் எவ்வளவு பயன்படும் என்பதுதான் கேள்வி.

வர்ஜீனியாவின் ஃபேர்ஃபேக்ஸ் மாவட்டத்தில் உள்ள தாமஸ் ஜெஃபர்சன் பள்ளி வேறு வழியில் சென்றது. 2020இல் நுழைவுத்தேர்வையும் விண்ணப்பக் கட்டணத்தையும் நீக்கி, ஒவ்வொரு அரசு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 விழுக்காட்டு அளவுக்கு அப்பள்ளிக்கே இடங்களை ஒதுக்கியது. எஞ்சியவை பொதுப் போட்டிக்கு. விண்ணப்பதாரரின் இனம் மதிப்பிடுவோருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. முதல் ஆண்டிலேயே, ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த ஏழை மாணவர் பங்கு 25 விழுக்காடாக உயர்ந்தது; ஆசிய மாணவர் பங்கு சுமார் 73இலிருந்து 54க்கு இறங்கியது. பெற்றோர் தொடுத்த வழக்கில் கீழ் நீதிமன்றம் புதிய முறையை ஏற்கவில்லை. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. எனினும் ஒரு குறை நிற்கிறது: திறமையாளர் நிறைந்த நடுநிலைப் பள்ளியில் ஐம்பதாவதாக வரும் மாணவி, வேறொரு பள்ளியில் முதலாவதாக வந்திருக்கக் கூடும்.

சிகாகோ முறைதான் மூன்றில் நுட்பமானது என்பது என் கணிப்பு. இனவாரி ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்த நீதிமன்ற ஆணை 2009இல் முடிவுக்கு வந்தபின், நகரின் குடியிருப்பு வட்டாரங்கள் வருமானம், பெற்றோர் கல்வி, சொந்த வீடு, வீட்டில் பேசும் மொழி போன்றவற்றைக் கொண்டு நான்கு அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டன. 30 விழுக்காட்டு இடங்கள் மதிப்பெண் வரிசைப்படி நிரம்பும். மீதி 70 விழுக்காடு நான்கு அடுக்குகளுக்கும் சமமாகப் பிரியும். தேர்வும் இருக்கிறது, ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணும் சேர்கிறது, போட்டியோ தன்னையொத்த சூழலில் வளர்ந்தவர்களோடு நடக்கிறது.

வட்டாரம் என்பது குடும்பமல்ல என்பதே இதன் ஓட்டை: ஏழைப் பகுதியில் புதிதாக வீடு வாங்கிய வழக்கறிஞரின் மகனுக்கும் கீழடுக்கின் கட்-ஆஃப்தான் பொருந்தும். குடும்ப வருமானத்தையே நேரடியாகக் கேட்டால் அது சரியாகிவிடும். ஆனால் சம்பளச் சீட்டு இல்லாமல் ரொக்கக் கூலிக்கு உழைக்கும் வீட்டார் தங்கள் ஏழ்மைக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்?