வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் சேவை: 14 மாத அனுபவம்

சேவையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வெயிலில் வண்டி ஓட்டும் பிள்ளைகளின் வேலைக்கு உலை வைக்க மனமில்லை.

சென்னையில் எனக்கு இரண்டு நுரையீரலும் மாற்றி 14 மாதம் ஆகிறது. மூச்சு நன்றாக இருக்கிறது, மாடிப்படி ஏறுகிறேன். சிறுநீரகம்தான் அடி வாங்கியது. ஐசியுவில் 9 நாள் டயாலிசிஸ். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தசைக் கழிவு கிரியேட்டினின்; ரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் சரியில்லை என்று அர்த்தம். ஆபரேஷனுக்கு முன் 0.8 இருந்தது, வீட்டுக்கு வரும்போது 1.6. அதனால் முதலில் வாரம் ஒருமுறை, இப்போது மாதம் இருமுறை ரத்தம் கொடுக்கிறேன். ஆஸ்பத்திரி வரிசையில் இருமுகிறவர்களுக்கு நடுவே உட்கார எனக்கு அனுமதி இல்லை. ஆகவே இந்தச் சேவை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். வழக்கமாக வரும் அந்தப் பெண், முதல் நாளே இடது கையை நீட்டியதும், "அங்கிள், கிட்னி பிரச்னைன்னா இந்தக் கை நரம்பைச் சேர்த்து வைங்க, பின்னாடி டயாலிசிஸுக்குத் தேவைப்படலாம்" என்று சொல்லி, வலது புறங்கையில் மெல்லிய ஊசியால் எடுத்தார். என் சிறுநீரக டாக்டர் சொன்னதும் அதேதான். அவருக்கு 5க்கு 5.

அவர் விடுப்பில் போனால் கதை வேறு. ஒருமுறை வந்த பையன் ஊசியை உள்ளேயே துழாவி, ரத்தத்தை வேகமாக இழுத்தான். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 6.1, இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய அளவு. உறுப்பு மாற்றிய எங்களைப் போன்றவர்கள் போடும் மாத்திரையே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது என்பதால் வீட்டில் எல்லோருக்கும் கை கால் ஓடவில்லை. என் மனைவி பொட்டாசியம் நிறைந்த இளநீரைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தே விட்டாள். கடைசி வரியில் பொடி எழுத்தில், 'சிவப்பணு உடைந்த ரத்த மாதிரி' என்று போட்டிருந்தார்கள். அதாவது, எடுக்கும்போது உடைந்த அணுக்களிலிருந்து கசிந்த பொட்டாசியம்தான் அளவை ஏற்றிக் காட்டியது. மறுநாள் எடுத்ததில் 4.7. அந்த வரியை மேலே போட்டிருந்தால் ஒரு ராத்திரித் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

பெரிய புகார் நேரம் பற்றியது. டாக்ரோலிமஸ் என்ற மாத்திரை, புது நுரையீரலை உடம்பு நிராகரிக்காமல் காக்கிறது. அதே மாத்திரை சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் குட்டிக் குழாய்களைச் சுருக்கியும் விடுகிறது. கூடினால் சிறுநீரகம் போகும், குறைந்தால் நுரையீரல் போகும். ரத்தத்தில் அதன் அளவை, இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பு பார்க்க வேண்டும். நான் போடுவது இரவு 9, காலை 9. எனவே எட்டரைக்கு ஆள் வரவேண்டும். ஏழாவது மாதத்தில் ஒருநாள் 10:10க்கு வந்தார்கள். 9 மணி அலாரம் அடித்ததும் பழக்கத்தில் மாத்திரையை விழுங்கிவிட்டேன், அதைச் சொல்லவும் மறந்தேன். என் தப்பும் இருக்கிறது. எனக்கு வைத்த இலக்கு 8 முதல் 10. மாத்திரை போட்ட பிறகு எடுத்த ரத்தம் என்பதால் வந்தது 22. ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய கோஆர்டினேட்டர், "ரத்தம் கொடுக்கறதுக்கு முன்னாடி மாத்திரை போட்டீங்களா சார்?" என்று கேட்டதால் பிழைத்தேன். கேட்காமல் டோஸைக் குறைத்திருந்தால்? சேவையின் படிவத்தில் சாப்பாட்டு நேரம் கேட்கிறார்கள், கடைசி மாத்திரை நேரத்துக்கு ஒரு கட்டம் இல்லை. மூன்று முறை எழுதிக் கேட்டும் பதில் இல்லை.

இவ்வளவு அலட்டல் எதற்கு என்றால், 2003இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வை என் மகள் படித்துச் சொன்னாள். சிறுநீரகம் தவிர வேறு உறுப்பு மாற்றிக்கொண்ட சுமார் 69,000 பேர். அதில் நுரையீரல்காரர்களில் ஏறத்தாழ 16 சதவீதம் பேருக்கு 5 ஆண்டுக்குள் சிறுநீரகம் கடுமையாகக் கெட்டிருக்கிறது. அப்படிக் கெட்டவர்களுக்கு உயிராபத்து 4 மடங்குக்கும் மேல். அதைக் கேட்டபின் நான் அலாரத்தை மாற்றினேன்.

இன்னொன்று. ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.2க்குள் வந்தால் பச்சை நிறத்தில் 'நார்மல்' என்று அச்சடிக்கிறார்கள். 71 கிலோவிலிருந்து 52க்கு இறங்கியவன் நான். தசை கரைந்தவனுக்குக் கிரியேட்டினின் எப்படியும் குறைவாகத்தான் காட்டும். டாக்டர் அதை நம்பாமல், தசையை அவ்வளவாகச் சாராமல் சிறுநீரகத்தைக் கணிக்கும் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். இவர்கள் அதை வெளி லேபுக்கு அனுப்பி, 3 நாள் கழித்துத் தந்தார்கள். பச்சை மையை நம்பி உட்கார்ந்திருந்தால் ஏமாந்திருப்பேன்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் இவர்களால் உதவ முடியாது. நுரையீரல் டாக்டர் குறை என்கிறார், சிறுநீரக டாக்டர் குடி என்கிறார். ரெண்டு பெண்டாட்டிக்காரன் பாடுதான்.

மொத்தத்தில் 5க்கு 3. வேறு சேவைக்கு மாறவில்லை, அந்தப் பெண்ணுக்காகத்தான். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நேரத்தையே பதிவு செய்யுங்கள், ஆள் வரும்வரை மாத்திரையை மனைவி கையில் கொடுத்து வையுங்கள். என் வீட்டில் இப்போது டப்பா சமையலறை மேல் அலமாரியில் இருக்கிறது, எனக்கு எட்டாது.