ஷீட் அடிக்க வாங்கிய சாமான்கள்: ஏழு வருஷம் கழித்து

ரப்பர் பாலில் ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் கொடுத்து எடுக்கும் தகடுதான் ஷீட். கெமிஸ்ட்ரி படித்தவன் வீட்டு ஷீட் கெட்டுப்போனால் ஊர் சும்மா விடுமா? அந்தப் பயத்தில்தான் இத்தனை சாமான் வாங்கினேன். குமரி மாவட்டத்தில் அருமனைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர், எல்லாம் நூற்றைந்து என்ற ரகம். அப்பாவுக்கு முடியாமல் போனதும் 2018-இல் ஆசிட் குப்பி என் கைக்கு வந்தது. அதுவரை அவர் குப்பி மூடியால்தான் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் வாங்கியவை: பாலில் எவ்வளவு ரப்பர் என்று காட்டும் மிதவையான ஒரு மெட்ரோலாக், 100 மில்லி கண்ணாடி அளவுச் சாடி, பத்து மில்லி சிரிஞ்சு, 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு. கூடவே செறிவு கணக்குப் போடும் ஒரு ஆப், காசில்லாமல்.

முதலில் ஆப். குப்பியில் ஃபார்மிக் ஆசிட் 85 சதவீதம் என்று எழுதியிருக்கும். பால் உறையவைக்கும் தட்டான ஒரு டிஷ்ஷில், தண்ணீர் கலந்த பால் நான்கு லிட்டர். அதற்கு ஒரு சதவீத ஆசிட் 200 மில்லி என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். இருபது ஷீட்டுக்கு அந்த ஒரு சதவீத ஆசிட் நான்கு லிட்டர் கலக்க வேண்டும். 85-ஐ ஒன்றாக்க லிட்டருக்கு எத்தனை மில்லி என்று ஆப்பில் போட்டேன். 11.8 என்றது. பால் வெட்டும் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “லிட்டருக்குப் பத்து மில்லி மக்களே. இதுக்கு எதுக்கு போனு?” என்றார். நான் சதவீதக் கணக்கை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், பாவம்.

சரியாகச் சொன்னவர் அவர்தான். அது எனக்கு உறைக்க எட்டு மாதம் ஆனது. குப்பியில் இருக்கும் 85 எடைக் கணக்கு: நூறு கிராம் திரவத்தில் 85 கிராம் அமிலம். நான் ஊற்றுவதோ மில்லியில். இந்த ஆசிட் தண்ணீரைவிடக் கனம், ஒரு மில்லி கிட்டத்தட்ட 1.2 கிராம். அதில் 85 சதவீதம் என்றால் 1.02 கிராம் அமிலம். அதாவது ஒரு மில்லி ஊற்றினால் ஏறக்குறைய ஒரு கிராம் அமிலம் போகிறது. பத்து மில்லி எடுத்து லிட்டராக்கினால் பத்து கிராம், நூறு மில்லிக்கு ஒரு கிராம். முடிந்தது. ஆப் சொன்ன 11.8 ஊற்றினால் 1.2 சதவீதம் ஆகிவிடும். அடர்த்தி என்ன என்று அந்த ஆப் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மோலாரிட்டி என்ற இன்னொரு கணக்கில் கேட்கிறது, சதவீதக் கணக்கில் இல்லை.

உண்மையைச் சொன்னால், ஆசிட்டில் இந்த வித்தியாசம் பெரிய நஷ்டம் இல்லை. கொஞ்சம் ஆசிட் வீண், ரோலர் சீக்கிரம் அரிக்கும், ஷீட் காய ஒருநாள் கூடப் பிடிக்கலாம். குறைத்து ஊற்றினால்தான் மறுநாள் டிஷ்ஷில் நிற்கும் தண்ணீர் பால்போல வெளுத்திருக்கும்; அது அத்தனையும் கையைவிட்டுப் போன ரப்பர்.

அமோனியாவில்தான் அடி விழுந்தது. மழைக்காலத்தில் ஷீட் காயாது என்று பாலாகவே பேரலில் கொடுக்க ஆரம்பித்தோம். அது உறையாமல் இருக்கத்தான் அமோனியா. 25 சதவீத அமோனியாவை ஒரு சதவீதமாக்க லிட்டருக்கு 40 மில்லி என்றது அதே ஆப். அமோனியாக் கரைசலோ தண்ணீரைவிட லேசு, மில்லிக்கு 0.91 கிராம்தான். அப்படியானால் 40 மில்லியில் இருப்பது ஒன்பது கிராம் சொச்சம். போதாததற்கு, 40 மில்லியோடு சேர்த்து மொத்தம் ஒரு லிட்டர் என்று ஆப் சொன்னதை, ஒரு லிட்டர் பாலில் 40 மில்லி என்று நான் எடுத்துக்கொண்டேன். எல்லாம் சேர்ந்து 0.9 கூட வரவில்லை. இரண்டு பேரலில் பால் கட்டிதட்டி, ஒட்டுப்பால் என்ற மட்ட ரக ரப்பரின் விலைக்குப் போனது. இப்போது லிட்டர் பாலுக்கு 46 மில்லி விடுகிறேன். ஆசிட்டில் ஆப் கூட்டிச் சொன்னது, அமோனியாவில் குறைத்துச் சொன்னது; தப்பு இரண்டிலும் ஒன்றேதான்.

மெட்ரோலாக்கைப் பற்றிக் குறை சொல்ல மனம் வரவில்லை. ரப்பர் தண்ணீரைவிட லேசு என்பதால், பாலில் ரப்பர் கூடக்கூட மிதவை இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து, நுரையை வழித்துவிட்டு மிதக்கவிட வேண்டும். காட்டும் எண்ணை மூன்றால் பெருக்க வேண்டும். 115 காட்டினால் லிட்டருக்கு 345 கிராம். இந்த அளவுக்கு லிட்டர் பாலில் ஒன்றேமுக்கால் லிட்டர் தண்ணீர் விட்டால், ஷீட்டுக்கு வேண்டிய பன்னிரண்டரை சதவீதம் வந்துவிடும். டிஷ்ஷுக்கு அரைக்கிலோ ஷீட்.

மூன்று பங்கு தண்ணீர் ஊற்றிவிட்டு மூன்றால் பெருக்கிய காலம் ஒன்று உண்டு. எல்லா நாளும் 27 சதவீதம். மரம் களைத்துவிட்டது என்று நினைத்து ஒரு வாரம் பால்வெட்டையே நிறுத்தினேன். உண்மையில் பால் 36-இல் இருந்திருக்கிறது. அண்ணன் இதை இன்னும் மறக்கவில்லை.

பால் எடுக்கும் சென்டரில் ஆய்வகக் கணக்கு எங்கள் மெட்ரோலாக்கைவிட ஒன்று, ஒன்றரை சதவீதம் குறைவாகவே வரும். முதல் இரண்டு வருஷம் சண்டை போட்டேன். அங்கே பாலை நிறுத்து, உறையவைத்து, கழுவி, உலர்த்தி, மறுபடி நிறுக்கிறார்கள். மிதவையால் அந்தத் துல்லியத்தைத் தர முடியாது. இப்போது பேசாமல் வாங்கிக்கொள்கிறேன். வித்தியாசம் மூன்றைத் தாண்டினால் மட்டும் கேட்பேன். அப்புறம், பயன்படுத்திய கையோடு மெட்ரோலாக்கைக் கழுவிவிட வேண்டும். தண்டில் பால் ஒரு படலமாகக் காய்ந்துவிட்டாலும் கனம் கூடி, அளவு கூட்டிக் காட்டும். என்னுடைய முதல் மெட்ரோலாக் இரண்டாம் வருஷமே சிமெண்டுத் தரையில் விழுந்தது. இது இரண்டாவது.

நகைத் தராசை எதற்கோ வாங்கினேன், எதற்கோ பயன்பட்டது. கேரள எல்லை தாண்டி ஒரு கடையில் சில்லறையாக ஆசிட் மலிவாகக் கிடைத்தது. இரண்டு கேன் முடிந்த பிறகும் பால் சரியாக உறையவில்லை. சந்தேகத்தில் பத்து மில்லி எடுத்து நிறுத்தேன். 85 சதவீதம் என்றால் 12 கிராமை ஒட்டி வர வேண்டும். 11.3 வந்தது. அமிலம் பாதிக்குச் சற்று மேல்தான். மீதி தண்ணீருக்குத்தான் காசு கொடுத்திருக்கிறேன். உப்பு எதையாவது கரைத்து எடை ஏற்றினால் இந்தச் சோதனையில் பிடிபடாது, அதையும் சொல்லிவிட வேண்டும். அன்றிலிருந்து புதுக் குப்பி எது வந்தாலும் முதலில் தராசுக்குப் போகும். கையுறை போட்டுக்கொண்டுதான், இது எறும்புக்கடியில் இருக்கும் அதே அமிலம், 85 சதவீதத்தில் கடித்தால் தோல் வெந்துவிடும். கலக்கும்போதும் தண்ணீரில்தான் ஆசிட், ஆசிட்டில் தண்ணீர் அல்ல.

சிரிஞ்சு தண்டச் செலவு. இரண்டு மாதத்தில் கோடு அழிந்துவிடும், உள்ளே ரப்பர் ஊதி இறுகிக்கொள்ளும். கண்ணாடிச் சாடி மட்டும் ஏழு வருஷமாக அப்படியே இருக்கிறது.

இடவப்பாதி மழைக்கு முன்னால் மரத்தில் பூஞ்சைக்கு அடிக்கும் போர்டோ கலவைக்கு இவை எதுவுமே வேண்டாம். ஒரு கிலோ துரிசு (மயில்துத்தம்), ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர், ஒரு சதவீதம். தீட்டிய கத்தியை முக்கிப் பார்த்து, சிவப்பாகச் செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்போம். துரிசில் செம்பு கால்வாசிதான், அதனால் மரத்துக்குப் போவது கால் சதவீதச் செம்பு என்று வெள்ளறடை அத்தானிடம் ஒருமுறை சொன்னேன். “கத்தி சிவக்குதா இல்லியா, அதைச் சொல்லு” என்றார்.

ஆப்பை போன வருஷம் அழித்துவிட்டேன். ஆசிட்டுக்குப் பத்து, அமோனியாவுக்கு 46 என்று ஷீட் காயவைக்கும் புகைக்கூட்டுக் கதவில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது. புகை படிந்து மங்கும்போது அண்ணன்தான் மறுபடி எழுதுகிறார்.