விளையாட்டுப் பொதியாக்கத்தில் டெப்ஹெல்ப்பரும் டெப்கான்ஃபும்: ஆறு ஆண்டுப் பழக்கத்தில் கண்டவை

லினக்ஸ் இயங்குதளமான டெபியனுக்கு விளையாட்டுகளைப் பொதியாக்க, அதாவது நிறுவத் தயாரான பொதிகளாக்க, ஆறு ஆண்டுகளாக இரண்டு கருவிகளைப் பயன்படுத்தி வருகிறேன்: பொதியை உருவாக்க உதவும் டெப்ஹெல்ப்பர், நிறுவும்போது பயனரிடம் கேள்வி கேட்கும் டெப்கான்ஃப். நிரலைத் தொகுக்க ஆன நேரத்தைவிட, எந்தக் கோப்புக்கு என்ன அனுமதி, நிறுவும்போது பயனரிடம் எதைக் கேட்பது என்ற இரண்டுக்கும் ஆன நேரமே அதிகம்.

எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான மதிப்பெண் பட்டியல் கொண்ட பழைய விளையாட்டு ஒன்றில் தொடங்கினேன். அது கேம்ஸ் குழுவின் உரிமையோடு இயங்க 2755 என்ற அனுமதி வேண்டும்; யார் இயக்கினாலும் கோப்பின் குழு உரிமையோடு இயங்கச் செய்யும் செட்ஜிஐடி பிட்டைத்தான் முதலில் உள்ள 2 குறிக்கிறது. பொதியை உருவாக்கும் படிகள் அடங்கிய ரூல்ஸ் கோப்பில் அப்படித்தான் எழுதியிருந்தேன். உருவான பொதியைத் திறந்து பார்த்தால் 0755 என்று இருந்தது. டெப்ஹெல்ப்பரின் டிஹெச்_ஃபிக்ஸ்பெர்ம்ஸ் என்ற கட்டளை செட்ஜிஐடி பிட்டை எல்லாக் கோப்புகளிலிருந்தும் நீக்கிவிடும் என்று கையேட்டிலேயே இருக்கிறது; நான்தான் படிக்கவில்லை. அந்த வரிகளை அதற்குப் பின்னால் நகர்த்தியும் பிட் நிற்கவில்லை. அனுமதியை மாற்றும் சிஹெச்மாடுக்கு அடுத்த வரியில், உரிமையாளரையும் குழுவையும் மாற்றும் சிஹெச்ஓன் எழுதியிருந்தேன்; இயங்குகோப்பின் குழுவை மாற்றினால், மாற்றுவது முழு அதிகாரமுள்ள ரூட் பயனரே ஆனாலும், லினக்ஸ் கெர்னல் அந்தப் பிட்டை அழித்துவிடும். இரண்டு வரிகளை இடம் மாற்றியதும் சரியாயிற்று. ஒரே ஆள் விளையாடும் கணினிக்குப் பொதுப் பட்டியலே எதற்கு என்று இப்போது முதலில் கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண்ணைப் பயனரின் சொந்த அடைவில் வைத்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

டெப்கான்ஃப் என்னை இன்னும் அதிகம் சோதித்தது. அதன் கான்ஃப்மாட்யூல் கோப்பை நிறுவல் நிரலில் சேர்த்த கணத்திலிருந்து, எக்கோ கட்டளையால் எழுதும் சாதாரண வரிகள் பிழை வெளியீட்டுக்குத் திரும்பிவிடும்; ஆனால் மூன்றாம் வெளியீட்டு வழிக்கு (>&3) நாம் எழுதும் ஒவ்வொரு வரியையும் டெப்கான்ஃப் தனக்கு வந்த கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறது. "தரவுக் கோப்புகள் தயார்" என்று அந்த வழிக்கு நான் எழுதிய ஒரு வரிக்கு அது 20 என்ற பிழை எண்ணைப் பதிலாக அனுப்ப, அந்தப் பதிலை அடுத்து வந்த கேள்வி தனக்குரியது என்று வாசித்ததால், பிழை அதைத் தூண்டிய வரியில் தெரியாமல் குற்றமற்ற வரியில் தெரிந்தது. செய்தியைப் பிழை வெளியீட்டுக்குத் திருப்பினால் போதும் என்று கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் ஆனது.

கேள்விகளைப் பொறுத்தவரை என் கை இப்போது இறுக்கம். ஒலி, திரை அளவு போன்றவற்றை விளையாட்டின் அமைப்புப் பக்கமே கேட்கட்டும். உரிம ஒப்புதல் மட்டும் தவிர்க்க முடியாதது. அதற்கு 'ஏற்கவில்லை' என்பதையே இயல்பு விடையாக வைக்கிறேன். கேள்வி கேட்காத நான்இன்டராக்டிவ் முறையில் நிறுவினால், பயனர் பெயரில் நாமே ஒப்புக்கொள்வதைவிட நிறுவல் தெளிவான செய்தியோடு நின்றுவிடுவது மேல். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் அந்த முறையில் ஒரு முறை நிறுவிப் பார்க்கிறேன்.