நோட்டா, கார்டா, கியூஆர் அட்டையா? காரைக்குடிக் கல்லாவிலிருந்து ஒரு பார்வை

பலகாரக் கடையில் கால் கிலோ தேன்குழலும் கொஞ்சம் சீப்புச் சீடையும் வாங்கினால், காசு கொடுக்க மூன்று வழி இருக்கிறது: நோட்டு, கார்டு, கியூஆர். எதை எடுப்பது என்று முடிவு செய்வது வாங்குகிற நாம்தான் என்று நினைக்கிறோம். என் பார்வையில் அது கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் முடிவு.

கார்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மெஷினுக்கு வாடகை, அதற்கு மேல் கட்டணம். கிரெடிட் கார்டு என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு ரூபாய் போய்விடும். சீடையில் நிற்கும் லாபத்துக்கு அது கட்டாது. நகைக்கடைக்கும் கானாடுகாத்தான் பக்கத்து பங்களா ஹோட்டல்களுக்கும் சரி.

கியூஆர் அட்டைக்குப் பின்னால் இருப்பது யூபிஐ. அது வந்தது 2016-ல். அதே ஆண்டு நவம்பர் 8-ம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனதுதான் எல்லோரையும் மாற்றியது என்பார்கள். அது ஒரு தள்ளு தள்ளியது, அவ்வளவுதான். புது நோட்டு புழக்கத்துக்கு வந்ததும் ரொக்கமும் திரும்பி வந்துவிட்டது. கடைக்காரரை யூபிஐயில் நிறுத்தி வைத்தவை வேறு இரண்டு. ஒன்று, 2020 ஜனவரி முதல் அவரிடம் கட்டணம் பிடிப்பதில்லை என்று ஆனது. அப்புறம் அந்தச் சின்ன ஒலிப்பெட்டி. எண்ணெய்க் கையோடு அடுப்படியில் நிற்பவர் போனைத் தொடாமலே ‘நூற்று எண்பது ரூபாய் பெறப்பட்டது’ என்று கேட்டுக்கொள்கிறார். பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நழுவுகிறவர்களின் பாடுதான் திண்டாட்டம்.

கென்யாவில் 2007-ல் தொடங்கிய, போன் வழியே பணம் அனுப்பும் எம்-பெசாவின் கதை வேறு. அங்கே பணம் அனுப்பக் கட்டணம் உண்டு, இருந்தும் ஓடியது. நைரோபியில் சம்பாதிப்பவர் கிராமத்து வீட்டுக்குப் பணம் அனுப்ப, பஸ்காரரிடம் கொடுத்துவிடுவது போன்ற வழிகள்தான் அதற்கு முன் இருந்தன. பலருக்கு வங்கிக் கணக்கே கிடையாது. தெருமுனைப் பெட்டிக்கடையே ஏஜென்டானதும் ஜனங்கள் கட்டணத்தைப் பார்க்கவில்லை.

செட்டிநாட்டிலும் அந்தத் தேவை உண்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பெரிய வீட்டைப் பெருக்கி விளக்கேற்றும் காவல்காரர் ஊரில். முன்பு மணியார்டர்: நூற்றுக்கு ஐந்து ரூபாய் கமிஷன், தபால்காரர் வரும்வரை காத்திருப்பு. இப்போது சம்பளம் நொடியில் வந்துவிடுகிறது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. கடல் கடந்து பணம் போவதும் வருவதும் இந்த ஊருக்குப் பழக்கம்தான். ஆனால் அது வியாபாரிகளின் பணம். இன்று காவல்காரர் போனுக்கே வருகிறது. வந்ததைச் செலவழிக்க மட்டும் பேரன் வந்து பின் நம்பர் போட்டுத் தர வேண்டும். சாதா போனிலும் பணம் அனுப்ப யூபிஐ 123பே 2022-லேயே வந்துவிட்டது. நான் பார்த்த வரை இங்கே அதை யாரும் சீந்தவில்லை.

ரொக்கம் அசையாமல் நிற்கும் இடங்களும் உண்டு. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைக்கு வெளியூர் முன்பணம் வங்கி வழியாக வரும், வாரக்கூலி கையில்தான். கணக்கில் போட்டால் கடன் தவணைக்கு வங்கி எடுத்துக்கொள்ளுமோ என்ற பயம் வேலையாட்களுக்கு. அது வீண் பயமும் இல்லை. கடைக்காரருக்கு வேறு பயம்: வரவெல்லாம் பதிவாகிறதே! 2025-ல் கர்நாடகத்தில் யூபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு வரி நோட்டீஸ் போனதும், பெங்களூருவில் சில கடைகள் கியூஆர் அட்டையையே எடுத்துவிட்டன. ‘கேஷா இருந்தா குடுங்கண்ணே’ என்று இங்கே ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டால், சில்லறைத் தட்டுப்பாடு மட்டும் காரணம் என்று நான் நினைக்கமாட்டேன்.

யூபிஐக்கு நூற்றுக்கு முப்பது காசு பிடித்தால்கூடப் பலகாரக் கடைக்காரர் அட்டையைத் திருப்பி வைத்துவிடுவார் என்றே தோன்றுகிறது. காவல்காரர் சம்பளம் அப்போதும் போனில்தான் வரும். மணியார்டர் கமிஷனுக்கு முன்னால் முப்பது காசு ஒரு காசா?